விழுந்த விமானமும் விரையும் நாவும்

நுழையும் முன்

வானில் விபத்து நேர்ந்தால், முழுச் செய்தி வருவதற்கு முன்பே காரணம் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் காரணத்தை யார் கண்டார், எவ்வாறு அறிந்தார் என்று நாம் கேட்பதில்லை. நம் மாவட்டத்தை நோக்கி வந்த ஒரு ஹெலிகாப்டர், ஆப்கானித்தானத்தில் விழுந்த ஒரு சரக்கு விமானம், வங்கக் கடலில் மறைந்த ஒரு படை விமானம் ஆகிய மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இதனை ஆராய்கிறது இக்கருத்துக் கட்டுரை.

1

திருப்பதியில் வாழும் பிள்ளைகளுக்கு விமானம் புதிய காட்சியன்று. ரேணிகுண்டாவில் உள்ள விமான நிலையத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களை நாள்தோறும் காண்கிறோம். அண்ணாந்து பார்த்துக் கையசைக்கும் வயது கடந்த பிறகு, அவற்றைப் பார்ப்பதையும் விட்டுவிடுகிறோம். ஒரு விமானம் நலமாகத் தரையிறங்கினால் அது செய்தியாவதில்லை. விழுந்தால்தான் செய்தியாகிறது. விழுந்த உடனே, 'ஏன் விழுந்தது?' என்ற வினா எழுகிறது. வினா இயல்பானதே. அதற்கு நாம் எவ்வளவு விரைவாக விடை சொல்லிவிடுகிறோம் என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. திருப்பதி தனி மாவட்டமானது 2022ஆம் ஆண்டில்தான். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் காலை, ஐதராபாத்தின் பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் சித்தூர் மாவட்டத்தை நோக்கிப் புறப்பட்டது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சர் ஒய்.எஸ். இராஜசேகர ரெட்டி அதில் இருந்தார். அவருடைய தனிச் செயலரும், தலைமைப் பாதுகாப்பு அலுவலரும், இரண்டு விமானிகளும் உடன் இருந்தனர். நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 'ரச்சபண்ட' என்னும் குறைகேட்பு நிகழ்ச்சியைத் தொடங்கி வைப்பது அவரது திட்டம். ஊர் மக்கள் கூடிப் பேசும் மரத்தடி மேடையைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உள்ள ஊர்ச் சாவடியைப் போன்றது என்று கொள்ளலாம்.

மக்கள் காத்திருந்தனர், ஹெலிகாப்டர் வரவில்லை. புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள், நல்லமலைக் காட்டுப் பகுதியில் அதனுடனான தொடர்பு அறுந்தது. மழையும் மேகமும் சூழ்ந்த அந்த அடர்காட்டில் தேடுதல் இரவு முழுவதும் நீண்டது. மறுநாள் காலையில், கர்நூலுக்குக் கிழக்கே ஒரு மலையின் மீது அதன் சிதைந்த பாகங்களை விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் கண்டறிந்தன. ஐவருள் ஒருவரும் உயிருடன் இல்லை.

2

தேடுதல் நடந்துகொண்டிருந்தபோதே சொற்கள் பரவத் தொடங்கின. முதலமைச்சர் நலமாகத் தரையிறங்கிவிட்டார், சாலை வழியாகச் சித்தூருக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று முதலில் ஒரு செய்தி பரவியது. அது பொய் என்று விரைவிலேயே தெரிந்தது. அதை நம்பி மகிழ்ந்தவர்களுக்கு அடுத்த நாள் துயரம் இரு மடங்காயிற்று.

அடுத்து, காரணங்கள் பரவின. ஓர் இணையதளத்தில் வந்த கட்டுரையை ஆதாரமாகக் காட்டி, இந்த விபத்து ஒரு தொழில் நிறுவனத்தின் சதி என்று 2010ஆம் ஆண்டு சனவரியில் தொலைக்காட்சியில் செய்தி ஒளிபரப்பாயிற்று. சதிக்கான சான்று எதுவும் அதில் இல்லை. ஆயினும், அன்றிரவே ஆந்திரத்தின் பல ஊர்களில் அந்த நிறுவனத்தின் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் தாக்கப்பட்டன. கல்லெறிந்தவர்கள் எவரும் அந்தக் காட்டைக் கண்டவர்கள் அல்லர். அந்த ஹெலிகாப்டரின் பதிவுக் கருவியைக் கேட்டவர்களும் அல்லர். அவர்கள் கண்டது ஒரு தொலைக்காட்சித் திரையை மட்டுமே. அந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்களோ, நம் பெற்றோரைப் போல மாதச் சம்பளத்துக்கு உழைத்த எளிய மக்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். தெலுங்கில் 'புகாரு' என்றால் வதந்தி. நம் தமிழில் 'புகார்' என்றால் ஒருவர் மீது கூறப்படும் குற்றச்சாட்டு. இரு மொழிகளுக்கும் நடுவில் வளரும் நீங்கள், இந்த இரண்டையும் மாற்றிப் பேசி வீட்டில் சிரிப்பை எழுப்பியிருக்கக்கூடும். ஆனால், அந்தச் சனவரி இரவில் இரண்டு பொருளும் ஒன்றாயின. வதந்தியாகப் புறப்பட்டது குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்ந்தது. தமிழில் இச்சொல்லுக்கு மூடுபனி, மேகம் என்னும் பொருளும் உண்டு. உண்மையில் அந்த ஹெலிகாப்டர் சிக்கிக்கொண்டதும் அத்தகைய மேகத்தில்தான்.

3

இந்த விபத்தை ஆராய நடுவண் அரசு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. ஹெலிகாப்டரின் பாகங்களையும், விமானி அறையின் ஒலிப்பதிவையும், வானிலைத் தகவல்களையும் அக்குழு ஆராய்ந்தது. ஹெலிகாப்டரின் விசையைச் சுழலிக்குக் கடத்தும் பற்சக்கர அமைப்பில் எண்ணெய் அழுத்தம் பற்றிய எச்சரிக்கை தோன்றியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று கையேட்டில் தேடுவதிலேயே விமானிகள் ஆறு நிமிடங்களுக்கு மேல் ஈடுபட்டிருந்தனர். அதே நேரத்தில் அவர்களைச் சுற்றி வானிலை மோசமடைந்தது. மழை மேகத்தினுள் மேலிருந்து கீழாகப் பாயும் கடுமையான காற்றோட்டத்தில் ஹெலிகாப்டர் அகப்பட்டு, கட்டுப்பாட்டை இழந்து, மிகுந்த வேகத்தில் மலை மீது விழுந்தது என்பது குழுவின் முடிவு.

இந்த விடையை உற்று நோக்குங்கள். இதில் பகைவர் எவரும் இல்லை. ஓர் எச்சரிக்கை விளக்கு, ஒரு கையேடு, சில நிமிடங்கள், ஒரு மேகம் ஆகியவையே உள்ளன. கதையாகச் சொல்வதற்கு இதில் சுவை குறைவு. சதிக் கதைக்கே சுவை மிகுதி. ஆயினும், இந்தச் சுவையற்ற விடையால்தான் அடுத்து வரும் உயிர்களைக் காக்க முடியும். வானிலை மோசமானால் பயணத்தைக் கைவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு பழுதைக் கவனிக்கும்போதும் ஒரு விமானியின் கண் வானத்தின் மீதே இருக்க வேண்டும் என்ற படிப்பினைகள் அதிலிருந்து கிடைக்கின்றன. சதிக் கதையிலிருந்து எந்த விமானியும் எதையும் கற்றுக்கொள்ள இயலாது.

4

'அப்படியானால், ஊகிப்பதே தவறா?' என்று நீங்கள் கேட்கலாம். தவறு என்று நான் கூறவில்லை. ஊகம் இன்றி எந்த ஆராய்ச்சியும் தொடங்காது. ஆனால், ஊகத்தைத் தொடக்கமாகக் கொள்வது வேறு. அதையே முடிவாகக் கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை நன்கு விளக்கும் ஒரு நிகழ்வு, ஒரு சரக்கு விமானத்தின் வீழ்ச்சியாகும்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ஆப்கானித்தானத்தின் பக்ராம் விமானத் தளத்திலிருந்து துபாய்க்குச் செல்ல ஒரு போயிங் 747 சரக்கு விமானம் புறப்பட்டது. நேஷனல் ஏர்லைன்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் விமானம் அது. கண்ணிவெடிகளைத் தாங்கும் கவச வாகனங்கள் ஐந்து அதில் ஏற்றப்பட்டிருந்தன. இரண்டு வாகனங்கள் தலா 12 டன் எடையும், மூன்று வாகனங்கள் தலா 18 டன் எடையும் கொண்டவை. தரையை விட்டு எழுந்த விமானம் மூக்கை மிகவும் உயர்த்தியது. சில நொடிகள் தடுமாறியது. பின்பு நேராகக் கீழே விழுந்து எரிந்தது. அதில் இருந்த எழுவரும் இறந்தனர். தளத்தின் அருகே நின்ற வாகனம் ஒன்றின் கேமரா அக்காட்சியைப் பதிவு செய்தது. உலகெங்கும் எண்ணற்றோர் அதைக் கண்டனர்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்னும் நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அந்த விமானத்தைத் தாங்களே வீழ்த்தியதாகத் தாலிபான் அமைப்பினர் அறிவித்தனர். போர் நடக்கும் நாடாதலால் அதைச் சிலர் நம்பினர். படைத்தரப்போ அதை மறுத்தது. வேறு சிலர் காணொளியைக் கண்டு வேறொரு முடிவுக்கு வந்தனர். உள்ளே இருந்த வாகனங்கள் கட்டு அவிழ்ந்து பின்னோக்கி நகர்ந்தன. எடையெல்லாம் வாலில் சேர்ந்தது. அதனால் மூக்கு உயர்ந்தது என்றனர்.

இந்த இரண்டாம் ஊகத்தைப் புரிந்துகொள்வது சித்தூர்ப் பிள்ளைகளுக்கு எளிது. மாம்பழப் பருவத்தில், பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் வழங்கும் மாங்காய்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர்களும் லாரிகளும் மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பாரத்தைச் சரியாகக் கட்டாத வண்டி மேட்டில் ஏறினால் பாரம் பின்னுக்குச் சரியும், முன்புறம் எழும்பும். விமானத்துக்கும் அதுவே நியதி. ஆகவே, இந்த ஊகம் அறிவுக்குப் பொருந்துவதாகவே இருந்தது.

புலனாய்வாளர்கள் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஓடுபாதையில் கிடந்த துண்டுகளை முதலில் சேகரித்தனர். விமானம் தரையை விட்டு எழுந்த இடத்தை அடுத்து அதன் வால் பகுதியின் உடைந்த பாகங்கள் கிடந்தன. விமானம் விழுவதற்கு முன்பே வாலுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது என்பதை அவை காட்டின. கறுப்புப் பெட்டி எனப்படும் பதிவுக் கருவிகள், விமானம் எழுந்த சில நொடிகளிலேயே பதிவை நிறுத்தியிருந்தன. அக்கருவிகள் இருக்கும் இடமும் விமானத்தின் பின்பகுதியே. புறப்படுவதற்கு முன், பட்டை ஒன்று முந்தைய பயணத்தில் அறுந்துபோனதைப் பற்றி விமானிகள் பேசிக்கொண்டதும் பதிவாகியிருந்தது. இவ்வாறு மூன்று சான்றுகளும் ஒரே திசையைச் சுட்டின.

2015ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, மக்களின் ஊகத்தில் பாதி சரி, பாதி தவறு என்று காட்டியது. வாகனம் பின்னோக்கி நகர்ந்தது உண்மை. ஆனால், எடை இடம் மாறியதால் மட்டும் விமானம் விழவில்லை. நகர்ந்த வாகனம் பின்சுவரை இடித்துச் சென்று, ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களையும், வாலின் கிடைச்சிறகை அசைக்கும் இயந்திரத்தையும் சிதைத்துவிட்டது. அதன் பின் விமானியின் கை எவ்வளவு முயன்றாலும் வாலுக்கு அது எட்டாது. காணொளியைக் கண்டு விமானியின் திறமையைக் குறை கூறியவர்கள், காப்பாற்ற வழியே இல்லாத ஒருவரைக் குற்றம் சாட்டியிருந்தனர்.

5

அந்த அறிக்கை இத்துடன் நின்றிருந்தால், சரக்கைக் கட்டிய ஊழியரே குற்றவாளி என்று உலகம் முடிவு கட்டியிருக்கும். அவர் கட்டியது சரியில்லை என்று அறிக்கை கூறியது உண்மையே. ஆனால், அவர் ஏன் அவ்வாறு கட்டினார் என்றும் அது கேட்டது. இத்தகைய கனமான சரக்கைக் கட்டுவதற்கு நிறுவனம் வகுத்திருந்த நடைமுறைகளே போதுமானவையாக இல்லை. அந்த நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பின் கண்காணிப்பும் போதவில்லை. சரக்கு ஏற்றுவோருக்கு முறையான தகுதிச் சான்று வேண்டும் என்னும் பரிந்துரை இதன் விளைவாகப் பிறந்தது. இறந்துபோன ஓர் ஊழியரைத் திட்டியிருந்தால் மற்றொரு விமானம் காப்பாற்றப்பட்டிருக்காது.

பன்னாட்டுக் குடிமை வானூர்தி அமைப்பின் விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பது. பழியைச் சுமத்துவது அதன் நோக்கமன்று. முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள் தயாராக வேண்டும். இறுதி அறிக்கை, இயன்றவரை 12 மாதங்களுக்குள் வெளிவர வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. இந்தியாவில் இப்பணிக்கென விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2012ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது.

புலனாய்வாளரும் ஊகிக்கிறார், நாமும் ஊகிக்கிறோம். அவர் பத்து ஊகங்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் பொய்யாக்க முயல்கிறார். எது பொய்யாகாமல் எஞ்சுகிறதோ அதை ஏற்கிறார். நாமோ ஓர் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும் செய்திகளை மட்டும் தேடுகிறோம். அவருடைய ஊகம் நாளுக்கு நாள் மெலிந்து கூர்மையாகிறது. நம்முடைய ஊகம் வாய்க்கு வாய் பருத்துக்கொண்டே போகிறது.

6

சான்றே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இந்த வினாவை நம் வங்கக் கடல் ஒரு முறை கேட்டது.

2016ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் காலை, சென்னையை அடுத்த தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏ.என்.-32 வகை விமானம் ஒன்று அந்தமானின் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. சரக்கையும் ஆட்களையும் சுமக்கும் படை விமானம் அது. அதில் 29 பேர் இருந்தனர். அவர்களுள் எண்மர் விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள். நம் ஆந்திரக் கரையில் பணியாற்றியவர்கள். புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள் விமானம் தொடர்பிலிருந்து மறைந்தது.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கிக் கப்பலும் பல வாரங்கள் தேடின. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. வானிலை காரணமா, இயந்திரக் கோளாறா, நாச வேலையா என ஊகங்கள் எழுந்தன. நாச வேலைக்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் கூறினார். செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருத வேண்டியுள்ளது என்று குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது. உடல் இல்லை, சிதைவு இல்லை, காரணமும் இல்லை.

அந்தக் குடும்பங்கள் ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத நீரடி ஊர்தி ஒன்றைக் கடலின் அடிக்கு அனுப்பியது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், ஒரு விமானத்தின் சிதைவுகளை அது படம் பிடித்தது. படங்களை ஆராய்ந்தபோது அவை ஏ.என்.-32 விமானத்தோடு பொருந்தின. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. ஆகவே, அவை அந்த விமானத்தின் பாகங்களாகவே இருக்கக்கூடும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2024ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது.

'இருக்கக்கூடும்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். படங்கள் கையில் இருந்தும், அறிவியலாளர் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. ஏழு ஆண்டுகள் காத்திருந்த ஒரு தாயிடம் சொல்லும் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்னும் பொறுப்பு அதில் உள்ளது. எந்தப் படமும் கையில் இல்லாத நாம், நொடியில் அச்சொல்லைத் துறந்துவிடுகிறோம்.

7

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதையும் நேர்மையுடன் எடுத்துப் பேச வேண்டும். 'அதிகாரிகள் உண்மையை மறைத்தால் என்ன செய்வது? மக்கள் கேள்வி கேட்காமல் இருந்தால் அறிக்கை அலமாரியிலேயே தூங்கிவிடாதா?' என்று சிலர் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயம். அறிக்கை தாமதமாகும்போது வதந்தி அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே, தகவலை உரிய காலத்தில் வெளியிட வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. அதைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

ஆனால், கேட்பது வேறு. கேட்காமலேயே விடை சொல்லிவிடுவது வேறு. 'அறிக்கை எங்கே?' என்று கேட்பவர் உண்மையைத் தேடுகிறார். 'எனக்குத் தெரியும், இன்னார்தான் காரணம்' என்று சொல்பவருக்கு அறிக்கையே தேவைப்படுவதில்லை. மறைக்க விரும்பும் அதிகாரி எவரேனும் இருந்தால், அவருக்கு இத்தகையோரால் நன்மையே விளையும். நூறு பொய்க் காரணங்களின் நடுவே ஒரு மெய்க் காரணத்தை ஒளித்து வைப்பது எளிதல்லவா?

இதற்கு நம் மொழியே நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. 'விமானம் விழுந்தது' என்பது வேறு. 'விமானம் விழுந்ததாம்' என்பது வேறு. 'ஆம்' என்னும் அந்தச் சிறு ஒலி, 'நான் காணவில்லை. பிறர் சொல்லக் கேட்டேன்' என்று ஒப்புக்கொள்கிறது. உங்கள் தெலுங்கு நண்பர்கள் இதற்கு 'அட' என்னும் ஒலியைச் சேர்ப்பார்கள். 'படிந்தி' என்பது 'படிந்தட' ஆகும். 'போலும்', 'கூடும்', 'இருக்கலாம்' என்பனவும் அத்தகையவையே. நம் முன்னோர் இவற்றைப் பேச்சுக்கு அழகாக மட்டும் வைக்கவில்லை. பேசுபவரின் நேர்மைக்கு அடையாளமாக வைத்தனர். ஒரு செய்தி நம்மிடம் 'ஆம்' என்று வந்து, நம்மை விட்டு நீங்கும்போது 'ஆம்' இல்லாமல் போகுமானால், அந்த இடத்தில் பொய் சேர்ந்தது நம்மால்தான். இன்று கைப்பேசியில் ஒரு செய்தியை மற்றவர்க்கு அனுப்ப ஒரு விரல் அசைவு போதும். அந்த அசைவில் 'ஆம்' உதிர்ந்துபோவதை நாம் உணர்வதே இல்லை.

எனவே, அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தி வரும்போது மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோம். இதைச் சொன்னவர் எதைக் கண்டு சொன்னார்? இது பொய்யென்று தெரியவந்தால் யாருக்குத் துன்பம் விளையும்? இதை இன்றே சொல்ல வேண்டிய தேவை எனக்கு என்ன? மூன்றுக்கும் தெளிவான விடை இல்லையெனில், 'தெரியவில்லை' என்று சொல்வோம். அந்தச் சொல்லில் தாழ்வு எதுவும் இல்லை. வல்லுநர்கள் தம் ஆராய்ச்சியைத் தொடங்குவதே அந்தச் சொல்லில்தான்.

ரேணிகுண்டாவின் வானில் இன்றும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவை நலமாக இறங்குவதற்கு, முன்பு விழுந்தவற்றின் உண்மைக் காரணத்தைப் பொறுமையோடு தேடியவர்களும் ஒரு காரணம். இறந்த விமானிகளால் தமக்காகப் பேச இயலாது. அவர்களுடைய பிள்ளைகளும் எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். நாம் பரப்பும் சொல் அவர்கள் காதிலும் விழும். அதை நினைவில் கொண்டு பேசுவோம்.

சொல்லும் பொருளும்

ஊகம் – சான்று முழுமையாகக் கிடைக்கும் முன் கருதிப் பார்ப்பது
வதந்தி – உறுதிப்படாமல் பரவும் செய்தி
குறைகேட்பு – மக்களின் குறைகளைக் கேட்டறிதல்
நாச வேலை – வேண்டுமென்றே அழிவு உண்டாக்கும் செயல்
புலனாய்வு – சான்றுகளைத் திரட்டி உண்மையைக் கண்டறிதல்

சிந்தித்து விடையளிக்க

1. 2010ஆம் ஆண்டு சனவரியில் பரவிய வதந்தியால் பாதிக்கப்பட்டோர் யாவர்? அவர்களுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருந்ததா?

2. பக்ராம் விபத்தைப் பற்றிய மக்களின் ஊகம் எவ்வகையில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருந்தது?

3. 'புகார்' என்னும் சொல்லுக்குக் கட்டுரையில் கூறப்பட்ட பொருள்களை எழுதுக. தமிழிலும் தெலுங்கிலும் ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் வேறு இரண்டு சொற்களை வீட்டில் கேட்டறிந்து எழுதுக.

4. இன்று நீங்கள் கேட்ட செய்திகளுள் மூன்றினை 'ஆம்', 'கூடும்', 'போலும்' ஆகியவற்றுள் பொருத்தமானதைச் சேர்த்து எழுதுக.

5. 'அறிக்கை வரும் வரை மக்கள் எதையுமே பேசக் கூடாது' என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.